கிராண்ட் கேன்யனில் ஒரு புரட்டாசி சனிக்கிழமை

ஓம் முருகா.



நாங்கள் அமெரிக்கா போய் வந்ததில் இருந்து கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம், "பயணம் எப்படி இருந்துச்சு, படம் எங்கே?" என்று கேட்கிறீர்கள். படம் நிறைய இருக்கு. ஆனால் படத்தில் வராத ஒரு விஷயம் இருக்கு. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. வர்ற தைப்பூசத்துக்குப் பால்குடம், காவடி எடுக்கப் போகிறவர்களும், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் மகளும் மாப்பிள்ளையும் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் என்ற ஊரில் வேலை செய்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தோம். அங்கிருந்து காரில் மூன்றரை, நாலு மணி நேரம் வடக்கே போனால் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு. கொலராடோ ஆறு பாறையை அறுத்து உண்டாக்கின பள்ளம் அது. நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். அகலம் சில இடத்தில் 29 கிலோமீட்டர். மேலே விளிம்பில் பைன் மரங்கள், குளிர்காலத்தில் பனி எல்லாம் உண்டு. கீழே இறங்க இறங்கப் பாலைவனம். கோடையில் அடியில் 40 டிகிரிக்கு மேலே போகும்.

நம் கோயில் ஆட்களுக்கு அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கு. அந்தப் பள்ளத்தாக்குக்குள்ளே கோபுரம் மாதிரி தனித்தனியாக நிற்கிற மலைகளுக்கு நம்ம சாமி பெயர்கள்! விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள், பிரம்மா டெம்பிள் என்று வரைபடத்தில் அச்சடித்தே இருக்கு. கிருஷ்ணா ஷ்ரைன், ராமா ஷ்ரைன் கூட உண்டு. புத்தருக்கும், பாரசீக நாட்டு ஸோரோஸ்டருக்கும், எகிப்து நாட்டு ஐசிஸ் தெய்வத்துக்கும் ஒவ்வொரு மலை.

இது எப்படி வந்தது என்று கேட்டால், கிளாரன்ஸ் டட்டன் என்று ஒரு ராணுவக் கேப்டன். பாறைகளை ஆராய்ச்சி பண்ணினவர். 1882-ல் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டார். அவர் கண்ணுக்கு அந்த மலைகள் கீழை நாட்டுக் கோயில்கள் மாதிரி தெரிந்திருக்கு. சிவா, விஷ்ணு என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்களும் அதே பாணியில் வைத்துக்கொண்டே போனார்கள். முருகன் பெயரில் ஏதாவது இருக்கா என்று நாங்களும் வரைபடத்தை வைத்துத் தேடினோம். கண்ணில் படவில்லை. குன்று இருந்தாலே குமரன் இருக்கிறார், பெயர்ப்பலகை எதுக்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

சிவா டெம்பிளைப் பற்றி மாப்பிள்ளை ஒரு கதை சொன்னார். 1937-ல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்து ஒரு குழு அந்த மலை உச்சிக்கு ஏறியதாம். தனியாகப் பிரிந்து நிற்கிற மலையாச்சே, வேறு எங்கேயும் இல்லாத விலங்குகள் இருக்கும் என்று எதிர்பார்ப்பு. பத்திரிகையில் எல்லாம் பெரிய செய்தி. ஏறிப் பார்த்தால் அப்படி விசேஷமாக எதுவும் இல்லை. ஆனால் அங்கே ஒரு காலி கோடாக் ஃபிலிம் பெட்டி கிடந்திருக்கு! எமரி கோல்ப் என்று அந்த ஊர்ப் படப்பிடிப்பாளர், சத்தமில்லாமல் முன்னாடியே ஏறி இறங்கிவிட்டார். விளம்பரம் பண்ணாமல் சேவை செய்கிற நம்ம சமையல்கட்டு ஆட்களை நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர் நம்முடையது என்பதால் இடம் நம்முடையது ஆகிவிடாது. அந்தப் பள்ளத்தாக்கோடு உறவுள்ள பழங்குடி இனங்கள் 11 இருக்கு. ஹோப்பி மக்கள், தங்கள் முன்னோர் இந்த உலகத்துக்குள் வெளிவந்த இடமே அங்கேதான் என்று நம்புகிறார்கள். ஹவாசுபாய் மக்கள் அங்கேயே தோட்டம் வைத்து வாழ்ந்தவர்கள். தேசியப் பூங்கா 1919-ல் வந்த பிறகு அவர்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். அவர்கள் வாழ்ந்த இடத்துக்கு 2022-ல்தான் 'ஹவாசுபாய் கார்டன்ஸ்' என்று அவர்கள் பெயரையே வைத்தார்கள். அதனால் அங்கே போகிறவர்கள் கற்பூரம் ஏற்றுவது, கல்லில் குங்குமம் வைப்பது, ஞாபகத்துக்கு ஒரு கல் எடுத்துக்கொள்வது எதுவும் வேண்டாம். சட்டப்படியும் கூடாது. கைகூப்பினால் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம்.

போன தைப்பூசத்தில் என்ன நடந்தது என்று உங்களில் சிலருக்குத் தெரியும். எங்கள் வீட்டம்மா 21 வருஷம் விடாமல் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தவர். 513 படி. ஒரு வருஷம் கூட நின்றதில்லை. போன தடவை முந்நூறாவது படி பக்கத்தில் தலை சுற்றி உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். நம்ம பந்தல் பையன்கள்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி என்றைக்கும் உண்டு. குடத்தை நாத்தனார் வாங்கிக்கொண்டு மேலே போய் அபிஷேகத்துக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, விரதத்தோடு வெயில், அதோடு இனிப்புநீர் மாத்திரை, எல்லாம் சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்றார்கள்.

உடம்பு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மனசு சரியாகவில்லை. "முருகன் என்னை வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாரு" என்று ஒரே பேச்சு. கோயிலுக்கு வருவார், ஆனால் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். யாராவது கேட்டால், "கால் வலி" என்பார். எட்டு மாதம் இப்படித்தான். எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. ஆறுதல் சொல்லச் சொல்ல இன்னும் சுருங்கிப்போனார்.

அதனால், பள்ளத்தாக்குக்குள் இறங்கி நடக்கலாமா என்று மகள் கேட்டபோது எங்களுக்குக் கொஞ்சம் பயம்தான். வீட்டம்மாவுக்கோ போகவேண்டும். "பெருமாள் பேர்ல மலை இருக்கு, புரட்டாசி சனிக்கிழமை வேற, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். பினாங்கிலேயே டாக்டரிடம் நடைப்பயிற்சிக்கு அனுமதி வாங்கியிருந்தோம். மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார். மகள் சர்க்கரை பார்க்கிற சின்ன மிஷினைப் பையில் போட்டுக்கொண்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் ஹோப்பி பாயிண்ட் என்ற இடத்துக்குப் போனோம். அங்கிருந்து பார்த்தால் சிவா டெம்பிள் எதிரே தெரியும். சூரியன் இறங்க இறங்க மலை மஞ்சள், செம்மண், காவி, ஊதா என்று மாறிக்கொண்டே வந்தது. கீழே ரொம்ப ஆழத்தில் ஆறு ஒரு நூல் மாதிரி. வீட்டம்மா அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு பெரிய பள்ளத்தை இந்தச் சின்ன தண்ணிதான் அறுத்துச்சா?" என்றார். பூங்காக்காரர்கள் வைத்திருக்கிற விளக்கப் பலகைகளில், ஆற்றோரம் இருக்கிற கறுத்த பாறைக்கு 'விஷ்ணு ஷிஸ்ட்' என்று பெயர் போட்டிருக்கு. வயது சுமார் 170 கோடி வருஷத்துக்கு மேல். விளிம்பில் நாம் நிற்கிற சுண்ணாம்புப் பாறைக்கு 27 கோடி வருஷம்தான். அத்தனை பாறைக்கும் அடியில் தாங்கிக்கொண்டிருக்கிறது பெருமாள் பெயர் உள்ள பாறை. அதைக் கேட்டதில் இருந்து வீட்டம்மாவுக்கு ஆற்றோரம் போய் அந்தப் பாறையைத் தொட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி ஓட்டல் அறையில் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். அந்த ஊர் நடை எப்படி என்றால், நம்ம மலைக்கு நேர் தலைகீழ். தண்ணீர்மலையிலோ பத்துமலையிலோ தெம்பு இருக்கும்போது ஏறுகிறோம். களைத்துப்போனால் இறக்கம்தான் மிச்சம். இங்கே தெம்பாக இருக்கும்போது இறக்கம். களைத்த பிறகு ஏற்றம். வெயிலும் அப்போதுதான் ஏறும். அதனால் ரேஞ்சர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: இறங்குவது உங்கள் விருப்பம், ஏறி வருவது கட்டாயம். இறங்க ஒரு மணி நேரம் என்றால் ஏற இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஆறு வரைக்கும் போய்த் திரும்ப முயற்சி பண்ணாதீர்கள். இளவட்டங்கள், நல்ல உடற்கட்டு உள்ளவர்களும்கூட இதைக் கேட்காமல் போய் மாட்டிக்கொள்கிறார்களாம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது சவுத் கைபாப் பாதை. அதில் சீடார் ரிட்ஜ் என்ற இடம் வரைக்கும். ஒரு வழி 2.4 கிலோமீட்டர்தான். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இறக்கம் 1,100 அடிக்கு மேல். ஒரு படி அரை அடி என்று வைத்தால் 2,200 படி. தண்ணீர்மலையை நாலு தடவைக்கு மேல் ஏறுகிற கணக்கு. பாதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நிழலும் ரொம்பக் குறைவு. "சீடார் ரிட்ஜ்ல எவ்வளவு தெம்பா இருந்தாலும் சரி, திரும்பணும். அங்க போய்ப் பேச்சு கிடையாது" என்று மகள் கண்டிப்பாகச் சொன்னாள். எல்லோரும் சரி என்றோம்.

பாதை தொடங்குகிற இடத்துக்கு நம்ம காரில் போக முடியாது. பூங்காவின் பஸ்ஸில்தான் போகவேண்டும். காலை ஏழு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். பத்து டிகிரிக்கும் கீழே குளிர். ஆளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர், உப்புக் கடலை, முறுக்கு, பேரீச்சம்பழம், எலுமிச்சை சாதப் பொட்டலம். புரட்டாசி விரதம் என்பதால் சைவம். ஆனால் பட்டினி கிடையாது. அதையும் முந்தின நாளே பேசி முடித்துவிட்டோம்.

முதலில் பாறைச் சுவரை ஒட்டி வளைந்து வளைந்து இறங்குகிறது பாதை. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஒன்றுமே இல்லை. கம்பி, தடுப்பு எதுவும் கிடையாது. பல இடத்தில் மரக்கட்டையைக் குறுக்கே வைத்துப் படி மாதிரி பண்ணியிருக்கிறார்கள். உயரம் ஒரே அளவாக இருக்காது. முழங்காலுக்கு வேலை. வழியில் கோவேறு கழுதைகள் வரிசையாக ஏறி வந்தன. அடியில் இருக்கிற விடுதிக்குச் சாமான் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் அவைதான். அவை வந்தால் நாம் சுவர்ப் பக்கம் ஒதுங்கி அசையாமல் நிற்கவேண்டும். ஓட்டி வருகிறவர் சொல்கிறபடி கேட்கவேண்டும். ஒரு கழுதை வீட்டம்மாவை உற்றுப் பார்த்துவிட்டுப் போனது. "என்னை விட அது நல்லா மூச்சு விடுது" என்றார்.

ஒரு மைலுக்குக் கொஞ்சம் முன்னால் 'ஊ ஆ பாயிண்ட்' என்று ஓர் இடம். பெயரே அதுதான். திருப்பத்தில் சட்டென்று முழுப் பள்ளத்தாக்கும் திறக்கிறது. அங்கே போகிறவர்கள் வாயில் அந்தச் சத்தம் தானாக வரும், எங்களுக்கும் வந்தது. யாரும் அதிகம் பேசவில்லை. காற்றுச் சத்தம் மட்டும். மூலஸ்தானத்தில் திரை விலகுகிற அந்த நொடி மாதிரி என்று வீட்டம்மா சொன்னார்.

அதற்குக் கீழே மண் நிறம் மாறிவிடுகிறது. வெளிர் பாறை போய் இரத்தச் சிவப்பாக மண். காலணி, காலுறை எல்லாம் சிவப்பு. எட்டரை மணிக்குச் சீடார் ரிட்ஜ் வந்து சேர்ந்தோம். அகலமான சிவப்பு மேடு. குட்டை குட்டையாக ஜூனிப்பர் மரங்கள். கழிவறை உண்டு, தண்ணீர் கிடையாது. அணில்கள் பையையே கிழிக்க வரும். சாப்பாடு போட்டால் அபராதம். நேர் எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு பெரிய மலைகள். ஒன்று ஸோரோஸ்டர் டெம்பிள். அதன் பின்னால் நிற்பது பிரம்மா டெம்பிள்.

மகள் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை 6.8. நல்ல அளவு. வீட்டம்மா முகத்தில் எட்டு மாதமாகப் பார்க்காத தெளிவு. மூச்சு வாங்கவில்லை, கால் நடுங்கவில்லை. "இவ்வளவுதானா? இன்னும் எவ்வளவு தூரம் வேணும்னாலும் நடப்பேன்" என்றார். அங்கேதான் சோதனை வந்தது.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. அத்தையின் சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கும் உற்சாகம். "அத்தை, இன்னும் ஒன்றரை மைல் போனால் ஸ்கெலிடன் பாயிண்ட். அங்கிருந்து ஆறு நல்லா தெரியும். அந்தக் கறுப்புப் பாறையும் தெரியும். எல்லாரும் போறாங்க பாருங்க" என்றார். உண்மைதான், எல்லோரும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் வயதுக்காரர்கள் கூட. நாங்கள் நின்ற இடத்தில் இருந்து ஆறு தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்து, உடம்பும் நன்றாக இருந்து, ஆற்றைப் பார்க்காமல் திரும்புவதா? மகள் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி சொன்னதை அம்மாவிடம் மறுபடி சொல்ல அவளுக்கும் மனசு வரவில்லை. நாங்கள் எல்லோரும் வீட்டம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் ஒரு ஐந்து நிமிஷம் கீழே போகிற பாதையைப் பார்த்தார். பிறகு எதிரே பிரம்மா மலையைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையிடம் சொன்னது இதுதான்:

"மாப்ள, திருவண்ணாமலைக் கதை தெரியும்ல? சிவபெருமானோட அடியைப் பார்க்கப் பெருமாள் பன்றி உருவத்துல பூமியைக் குடைஞ்சுக்கிட்டே போனாரு. பார்க்க முடியலை. திரும்பி வந்து, 'நான் பார்க்கலை'ன்னு உண்மையைச் சொன்னாரு. பிரம்மா முடியைப் பார்க்கப் போனவரு, பார்க்காமலே 'பார்த்துட்டேன்'னு தாழம்பூவைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தாரு. பாதியில திரும்பினவருக்கு ஊரெல்லாம் கோயில். பார்த்ததாச் சொன்னவருக்குக் கோயிலே இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரரு பாவம்னு இங்க ஒண்ணு குடுத்திருக்காரு, அதோ நிக்குது."

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. எதிர் மலையைப் பார்த்துக் கைகூப்பினார். எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். எட்டு ஐம்பதுக்கு, பையை எடுத்து மாட்டிக்கொண்டு அவர்தான் முதல் ஆளாக மேலே திரும்பினார்.

ஏற்றம் எப்படி இருந்தது என்று உள்ளபடி சொல்கிறோம். கஷ்டம். பத்து நிமிஷம் நடந்தால் மூன்று நிமிஷம் நிற்கவேண்டும். கடல் மட்டத்தில் வாழ்கிற நமக்கு 6,000, 7,000 அடி உயரத்தில் மூச்சு சீக்கிரம் வாங்கும். சூரியன் சுவருக்கு மேலே வந்துவிட்டது. காலையில் குளிருக்குப் போட்ட சட்டைகள் எல்லாம் இடுப்பில்.

ஊ ஆ பாயிண்டுக்கு மேலே, பாதி ஏற்றம் தாண்டிய இடத்தில், வீட்டம்மா பேச்சைக் குறைத்துவிட்டார். அது எங்களுக்குத் தெரிந்த அறிகுறி. உட்கார வைத்து மகள் விரலில் குத்தினாள். 4.2. நாலுக்குக் கீழே போனால் ஆபத்து என்று இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தெரியும். பேரீச்சம்பழம் நாலு, கொஞ்சம் பழச்சாறு. சுவர் நிழலில் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்தோம். மறுபடி பார்த்தால் 5.9. முகத்தில் நிறம் வந்தது. எழுந்து மெதுவாக நடந்தோம். பதினொன்றேகால் மணிக்கு மேலே விளிம்பில் கால் வைத்தோம். இறங்க ஒன்றரை மணி நேரம், ஏற கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம்.

இப்போது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 4.2 வந்த இடத்தில் இருந்து விளிம்புக்கு அரை மணி, முக்கால் மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. ஸ்கெலிடன் பாயிண்ட் வரைக்கும் போயிருந்தால், அதே அளவு களைப்பு வரும்போது நாங்கள் பள்ளத்துக்குள் எங்கேயோ, நடு வெயிலில், மேலே ஏற மணிக்கணக்காக மிச்சம் வைத்துக்கொண்டு நின்றிருப்போம். தூக்கிக்கொண்டு போக நம்ம பந்தல் பையன்களும் அங்கே இல்லை. சீடார் ரிட்ஜில் உடம்பு சொன்னது பொய் இல்லை. அந்த நேரத்துக்கு அது நிஜம். ஆனால் ஏற்றத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்த நேரத்து உடம்புக்குத் தெரியாது. முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்குக்குத்தான் தெரியும்.

ஃபேக்டரியில் எங்கள் லைனில் சிவப்புப் பட்டன் ஒன்று உண்டு. எந்த ஆப்பரேட்டரும் அமுக்கி லைனை நிறுத்தலாம். புதுசாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் அமுக்கப் பயப்படுவார்கள், திட்டு விழும் என்று. அவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்போம்: நிறுத்தினதற்கு இங்கே யாரையும் திட்டுவதில்லை. முப்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்கிற பாடம், அன்றைக்கு அந்தச் சிவப்பு மண்ணில் வீட்டம்மா அமுக்கிக் காட்டினார்.

மத்தியானம் ஓய்வெடுத்த பிறகு யவபாய் என்ற இடத்தில் ஒரு சமதரைப் பாதையில் நடந்தோம். அதற்கு 'காலத்தின் பாதை' என்கிற மாதிரி பெயர். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருஷம் என்று கணக்கு. பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கில் இருந்தும் பாறை கொண்டுவந்து ஓரத்தில் வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். நடந்து போகப் போக, கறுத்து மின்னுகிற ஒரு பாறை. பலகையில் விஷ்ணு ஷிஸ்ட் என்று எழுதியிருந்தது. நாற்காலி வண்டியில் வருகிறவர்களும் தொடக்கூடிய இடம். வீட்டம்மா இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெயிலில் பாறை சூடாக இருந்தது.

பிறகு நடந்துகொண்டே சொன்னார்: "என்னங்க, அன்னைக்குத் தண்ணீர்மலையில முருகன் என்னை வேணாம்னு சொல்லலை. போதும்னு சொன்னாரு. எனக்குத்தான் வேற மாதிரி கேட்டுச்சு."

எட்டு மாதமாக எங்களால் சொல்லிப் புரியவைக்க முடியாதது இது. அவராகவே வந்து சேர்ந்தார். ஊருக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை பஜனையில் முன்வரிசையில் உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

வர்ற தைப்பூசத்துக்கு எங்கள் மனதில் பட்ட சிலவற்றைப் பந்தல் பொறுப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறோம். உங்களிடமும் சொல்கிறோம்.

தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். மணிக்கணக்காக வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், வாந்தி, மயக்கம் வரும். அந்த ஊர் ரேஞ்சர்கள் உப்புத் தின்பண்டத்தைத் தண்ணீருக்குச் சமமாக வலியுறுத்துகிறார்கள். நம்ம பந்தலில் மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, ஹண்ட்ரட் பிளஸ், கொஞ்சம் சுண்டல் வைக்கலாம். இரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்புநீர் மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் விரதம் தொடங்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தப்பு, சாப்பிடாமல் அதே அளவு போடுவதும் தப்பு. மடியில் இரண்டு பேரீச்சம்பழமோ மிட்டாயோ இருக்கட்டும். கூட வருகிறவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

எங்கே நிற்பது, யார் குடத்தை வாங்கிக்கொள்வது என்பதை முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். படியில் நிற்கும்போது பேசாதீர்கள். அங்கே மேளமும் வேல் வேல் சத்தமும் கூட்டமும் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். அது நல்ல தள்ளல்தான், ஆனால் அதற்கு நம்ம சர்க்கரை அளவு தெரியாது.

கடைசியாகத் தொண்டூழியர் பிள்ளைகளுக்கு. பாதிப் படியில் யாராவது உட்கார்ந்துவிட்டால், "இன்னும் கொஞ்சம்தான், வாங்க வாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலில் உட்கார வையுங்கள், பெயரைக் கேளுங்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். "இங்கேயிருந்தே கும்பிட்டாலும் சாமிக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்த வருஷம் கீழ்ப்படிகளில் நாலு நாற்காலி போட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கென்றே ஓர் ஆள் நிற்கவேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அந்த வேலைக்கு எங்கள் வீட்டம்மா பெயர் கொடுத்திருக்கிறார். அவரோடு நிற்க இன்னும் மூன்று பேர் வேண்டும். அக்கா, அண்ணன் யாராக இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பந்தல் மேசையில் பெயர் கொடுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஃபோனில் படிக்கக் கஷ்டமாக இருந்தால், தயவுசெய்து நீங்கள் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். படங்களைக் கோயிலுக்கு வரும்போது காட்டுகிறோம்.

எல்லோருக்கும் முருகன் நல்ல உடம்பும் நல்ல புத்தியும் தரட்டும்.

வேலும் மயிலும் துணை.